இடுப்பு படுத்தும் பாடு

இடுப்பு என்று ஒன்று தமக்கு இருப்பதே பல பேருக்கு நாற்பது வயது வரையில் தெரியாது. பல்லைத் தினந்தோறும் தேய்க்கிறோம். கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி மாற்றுகிறோம். தலைமயிர் கொட்டினால் ஊரெல்லாம் யோசனை கேட்கிறோம். இடுப்பு மட்டும் வேட்டியோ புடவையோ நிற்பதற்காகப் பகவான் கொடுத்த இடம் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறோம். ஒரு நாள், கீழே விழுந்த சாவிக் கொத்தை எடுக்கக் குனிகிறோம். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிடுகிறோம். அப்போதுதான் தெரிகிறது, இத்தனை நாளும் நம் குடித்தனம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது எது என்று!

இதைப் படிக்கும் நேயர்களில் பலர் இப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள் என்பது என் ஊகம். வெட்கப்பட வேண்டாம். நானும் ஒரு தலையணையோடுதான் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று சயன்ஸ் பாடம் சொன்னவன் நான். பென்ஷனோடு சேர்ந்து எனக்குக் கிடைத்த இன்னொரு மாதாந்தர வருமானம் இந்த இடுப்பு வலி. வாத்தியார் புத்தி லேசில் போகுமா? வலி வந்த நாள் முதல், அது என்ன, எங்கிருந்து வருகிறது என்று புத்தகங்களையும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளையும் துருவிக்கொண்டிருக்கிறேன். அப்படித் துருவியதில் தெரிந்துகொண்ட சில சமாசாரங்கள் போன வருஷம் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் ஒரு குடும்பத்துக்கு உபயோகப்பட்டன. உங்களுக்கும் உபயோகப்படலாம் அல்லவா?

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையோடு போனால் எங்கள் நசரத்பேட்டை. மேற்கே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள். கிழக்கே சென்னைத் துறைமுகம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையும் எங்கள் ஊரண்டைதான் குறுக்கே போகிறது. ஆகவே எங்களுக்கு லாரிகளுக்குப் பஞ்சமில்லை. லாரிகள் இருக்கும் இடத்தில் இடுப்பு வலிக்கும் பஞ்சமிராது. மணிக்கணக்காக அதிர்ந்துகொண்டே உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த உபத்திரவம் ஜாஸ்தி என்பது உலகம் முழுவதும் தெரிந்த விஷயம்.

பக்கத்துப் போர்ஷன் பிள்ளையாண்டானுக்கு வயது முப்பத்து நான்கு. சொந்த லாரி வைத்து ஓட்டுகிறான். 'சொந்தம்' என்பது பெயருக்குத்தான். உண்மையில் பாதி லாரி கடன் கொடுத்தவர்களுக்குச் சொந்தம். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். தாயார், மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை, இவ்வளவு பேரும் அந்த லாரியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவன் தும்மினான். ஒரே ஒரு தும்மல்! "அம்மா!" என்று அலறிக்கொண்டு வாசற்படியில் சாய்ந்துவிட்டான். இடுப்பில் கிளம்பிய வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கி, காலின் கட்டை விரல் வரையில் மின்சாரம் பாய்ந்த மாதிரி போயிற்று. மூன்று பேர் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே கொண்டு போய்ப் படுக்க வைத்தோம்.

நம் நாட்டில் இடுப்பு வலிக்கு வைத்தியம் தெரியாதவர் யார்? ஒருவர் வாயுப் பிடிப்பு என்றார். ஒருவர் வேப்பெண்ணெயைச் சுட வைக்கச் சொன்னார். இன்னொருவர் புத்தூர்க் கட்டுக்குக் கிளம்பலாம் என்று கார் பேசவே போய்விட்டார். என் சகதர்மிணி தன் பங்குக்குச் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தார்கள். எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி வெளியே தள்ளியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அவ்வளவுதான். "ஜவ்வு கிழிஞ்சுடுச்சு. உடனே கத்தி வைக்காவிட்டால் காலே விளங்காமல் போய்விடும்" என்று யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு அர்த்தமும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலை மடக்கி நிமிர்த்தச் சொல்லிப் பார்த்தார். சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "ஆறு வாரம் பார்க்கலாம். வலிக்கு மாத்திரை தருகிறேன். படுத்தே கிடக்க வேண்டாம், முடிந்த அளவு நட" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதுதான் அந்த வீட்டாருக்குப் பிடிபடவில்லை. படத்தில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே, நடக்கச் சொல்கிறாரே, டாக்டருக்கு விஷயம் தெரியாதோ என்று சந்தேகம். அன்று சாயங்காலம் அந்த அம்மாள் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. இதை வெச்சு ஆப்பரேஷன் பண்ணிடட்டுமா, வேணாமா?"

நான் டாக்டர் இல்லை. ஆப்பரேஷன் செய் என்றோ, வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் அந்த டாக்டர் சொன்னதற்குக் காரணம் என்ன என்று சொல்ல எனக்குத் தெரியும். "வாங்கம்மா, தம்பியின் எதிரிலேயே பேசலாம்" என்று எழுந்து போனேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அன்றும் அதற்குப் பிறகு பல நாட்களும் அங்கே பேசியதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த ஜவ்வு என்பது என்ன? நம் முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய துண்டுகள். துண்டுக்குத் துண்டு நடுவே ஒரு மெத்தை. கழுத்திலிருந்து இடுப்பு வரையில் மொத்தம் 23 மெத்தைகள். அவற்றுக்குத்தான் டிஸ்க் என்று பெயர். ஒவ்வொன்றின் நடுவிலும் நுங்கு மாதிரி ஒரு வழவழப்பான பொருள். அதைச் சுற்றிப் பலமான நார் வளையங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல அடுக்கு. ஓர் அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

"நம்ம லாரி டயர் மாதிரி சொல்லுங்க. உள்ளே நூல் அப்படித்தான் குறுக்கும் நெடுக்கும் போகும்" என்றான் பையன். வலியிலும் டயர் ஞாபகம்!

அந்த நுங்குக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். பிறந்த குழந்தைக்கு நூற்றுக்கு 90 பங்கு. வயதான பிறகு 70 பங்கு. அவ்வளவு பாரத்தை மேலே வைத்து நசுக்கினாலும் தண்ணீர் ஓடிப் போகாமல் எப்படி நிற்கிறது? அக்ரிகன் என்று ஒரு பெரிய புரதக் கூட்டு இருக்கிறது. பார்ப்பதற்குப் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. அதன் ஒவ்வொரு மயிரிலும் மின்சாரச் சுமை. அந்தச் சுமை உப்புச் சத்தை இழுக்கிறது. உப்பு தண்ணீரை இழுக்கிறது. மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி தானாக நீர் விட்டுக்கொள்கிறதே, அதே தந்திரம். சமையலறையில் நாம் அலுத்துக்கொள்ளும் காரியம்தான் முதுகுக்குள் நம்மை நிமிர்த்தி வைத்திருக்கிறது!

ராத்திரி படுத்தால் பாரம் இறங்குகிறது. டிஸ்க் தண்ணீர் குடித்து உப்புகிறது. பகலில் மறுபடி கொஞ்சம் வற்றுகிறது. காலையில் எழுந்தவுடன் அளந்தால் நாம் சாயங்காலத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் உயரமாக இருப்போம். உயரம் போதவில்லை என்று வருந்துகிற கல்யாணப் பிள்ளைகள் பெண் பார்க்க விடியற்காலையில் போவது உத்தமம்.

இதுவரையில் எல்லாம் சரி. ஆனால் டிஸ்க்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. நகத்தடியில் குத்தினால்கூட ரத்தம் வருகிறது. இத்தனை பாடுபடும் டிஸ்க்கின் நடுவில் ஒரு சொட்டு ரத்தமும் ஓடுவதில்லை. உள்ளே வாழும் அணுக்கள் மிகக் கொஞ்சம். மொத்த இடத்தில் நூற்றுக்கு ஒரு பங்குதான். அவற்றுக்குச் சாப்பாடு, பிராணவாயு எல்லாம் மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து, 'எண்ட் பிளேட்' என்ற மெல்லிய தகட்டின் வழியாகக் கசிந்து வர வேண்டும். எங்கள் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தால் சுற்றுப்பட்டுக் கிணறுகளில் ஊற்றுச் சுரக்கிறது அல்லவா? வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சும் தண்ணீர் அல்ல அது. மண்ணுக்குள் மெல்ல மெல்ல ஊறி வருவது. டிஸ்க்கின் பிழைப்பும் அப்படித்தான்.

எவ்வளவு மெல்ல? இதைக் கண்டு சொன்னவர்கள் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும், படத்தில் பளிச்சென்று தெரியும் ஒரு மருந்தை ரத்தத்தில் ஏற்றி, அது உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் எப்படிப் போகிறது என்று 24 மணி நேரம் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குச் சில நிமிஷங்களிலேயே போய்விட்ட மருந்து, ஆரோக்கியமான டிஸ்க்கின் நடுவில் நிறைவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது. எண்ட் பிளேட் பழுதானால் இந்தப் போக்குவரத்தே தாறுமாறாகிவிடுகிறது என்றும் கண்டார்கள். இந்த ஆராய்ச்சி 2004-ல் வெளிவந்து, இடுப்பு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசைப் பெற்றது.

அதே குழுவினர் 2013-ல் இன்னோர் ஆச்சரியத்தை வெளியிட்டார்கள். டிஸ்க் பிதுங்கி ஆப்பரேஷனுக்கு வந்த 181 பேரை ஆராய்ந்தார்கள். சுற்றுச்சுவரான நார் வளையம் கிழிந்துதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்பது பொதுவான நம்பிக்கை. அப்படிச் சுவர் கிழிந்திருந்தவர்கள் 20 பேர்தான். 117 பேருக்கு எண்ட் பிளேட்டும் டிஸ்க்கும் ஒட்டியிருக்கும் விளிம்பு பெயர்ந்திருந்தது!

இதைச் சொன்னவுடன் பையன், "டயர் வெடிக்கல சார், ரிம்மை விட்டுக் கழண்டுக்கிச்சு" என்றான். இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொல்லியிருக்க முடியாது.

"சரி சார், கழண்டுக்கிச்சு. அது நரம்பை அழுத்துது. அழுத்தறதை வெட்டி எடுத்தாத்தானே வலி போகும்?" என்று தாயார் விடாமல் கேட்டாள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் இதையேதான் சொன்னார்கள். பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால்தான் கால் வலி வருகிறது என்று அவர்கள் காட்டிய பிறகுதான் டிஸ்க் ஆப்பரேஷன் உலகமெங்கும் பரவியது.

ஆனால் அழுத்தம் மட்டுமே காரணம் என்றால் ஒரு கணக்கு உதைக்கிறது. இடுப்பு வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கான் எடுத்துப் பார்த்த பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2015-ல் ஒரு தொகுப்பு வந்தது. மொத்தம் 3,110 பேர். வலியில்லாத அந்த மனிதர்களில் இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது. எண்பது வயதில் 96 பேருக்கு. டிஸ்க் உப்பியிருந்தவர்கள் இருபது வயதில் நூற்றுக்கு 30, எண்பதில் 84. இவர்கள் எல்லாரும் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்! ஆகவே படத்தில் தெரிவது எல்லாம் வலி ஆகிவிடாது. நரை விழுவதைப் போல டிஸ்க்குக்கும் ஒரு நரை உண்டு.

அப்படியானால் வலிக்கிறவனுக்கு ஏன் வலிக்கிறது? இங்கேதான் ரசாயனம் வருகிறது. ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் 1993-ல் ஒரு சோதனை செய்தார்கள். பன்றியின் டிஸ்க்கிலிருந்து நடுப்பொருளை எடுத்து, அதே பன்றியின் நரம்பு வேரின் மேல் வைத்தார்கள். அழுத்தவே இல்லை, சும்மா வைத்தார்கள். அதற்கே நரம்பில் செய்தி ஓடும் வேகம் குறைந்துவிட்டது. டிஸ்க்குக்குள் இருக்கும்வரை சாதுவாக இருந்த பொருள், வெளியே வந்தால் நரம்புக்கு எரிச்சல் உண்டாக்குகிறது.

காயம்பட்ட டிஸ்க்கின் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. டி.என்.எஃப்., இன்டர்லூகின் என்று சில ரசாயனத் தூதர்களை அனுப்புகின்றன. தீ விபத்து நடந்தால் மணி அடிக்கிறார்களே, அந்த மாதிரி. மணிச் சத்தம் கேட்டதும் கத்தரிக்கோல் போன்ற நொதிகள் கிளம்பி, அக்ரிகன் பிரஷ்ஷையும் நார்களையும் வெட்டுகின்றன. தண்ணீரைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் டிஸ்க் வற்றுகிறது. இன்னொரு விபரீதமும் உண்டு. சாதாரணமாக டிஸ்க்கின் வெளி விளிம்பில்தான் நரம்பு இருக்கும், உள்ளே வராது. அக்ரிகனே அதற்குக் காவற்காரன் மாதிரி. காவற்காரன் போய், நரம்பை வளர்க்கும் ரசாயனமும் சுரந்துவிட்டால் மெல்லிய நரம்பு இழைகள் உள்ளே நுழைகின்றன. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1997-ல், வலிக்கும் டிஸ்க்குகளின் உட்புறத்தில் இந்த இழைகளைக் கண்டு சொன்னார்கள்.

இந்த மணியை முதலில் அடிப்பது யார் என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. கோயம்புத்தூர்க் குழுவினர் டிஸ்க்கில் உள்ள புரதங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, கிருமிகளுக்கும் இதில் பங்கு இருக்குமோ என்ற கேள்வியை 2017-ல் எழுப்பினார்கள். அதற்கும் அந்தச் சர்வதேசப் பரிசு கிடைத்தது. எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை, ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவும் கேட்ட அந்த அம்மாள் முகம் இன்னும் வாடிவிட்டது. "இம்மாம் கெடுதல் உள்ளே நடக்குதா?" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கள் அம்மா, நல்ல சமாசாரம் இனிமேல்தான் இருக்கிறது" என்றேன்.

மணி அடிப்பது எதற்காக? ஆள் கூட்டுவதற்காக. டிஸ்க்குக்குள் இருக்கும்போது ரத்தமே எட்டாத அந்தப் பொருள், வெளியே பிதுங்கி வந்ததும் ரத்தம் ஓடும் இடத்துக்கு வந்துவிடுகிறது. மணிச் சத்தம் கேட்டு அங்கே ரத்தத்திலிருந்து மாக்ரோஃபேஜ் என்ற துப்புரவு அணுக்கள் வந்து சேர்கின்றன. புதிதாகச் சிறு ரத்தக் குழாய்களும் முளைக்கின்றன. துப்புரவு அணுக்கள் பிதுங்கிய துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. வலியைக் கொடுக்கும் அதே தீதான் குப்பையையும் எரிக்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2015-ல் வெளியான ஒரு தொகுப்பின்படி, சும்மா உப்பியிருக்கும் டிஸ்க் தானாகச் சுருங்குவது நூற்றுக்கு 13 பேருக்குத்தான். நன்றாகப் பிதுங்கி வெளியே தள்ளியதில் 70 பேருக்குச் சுருங்கியது. துண்டாகவே கழன்று விழுந்ததில் 96 பேருக்கு! படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் தானாகக் கரையும் வாய்ப்பும் அதிகம் உள்ளது. பையனுடைய ரிப்போர்ட்டில் இருந்தது அந்த 70 பேர் ரகம்.

ஆப்பரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஹாலந்து தேசத்தில், கால் வலியோடு வந்த 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரம் ஆப்பரேஷன் செய்தார்கள்; மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் ஏறக்குறையச் சமம். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் வலி பொறுக்காமல் பிறகு ஆப்பரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு. கத்திக்கும் கணக்கு உண்டு. பயத்துக்குத்தான் கணக்கு கிடையாது.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இடுப்பு இருந்துச்சு. லாரி ஓட்டினதால வந்துச்சா, இல்லை அவர்கிட்டேருந்து வந்துச்சா?" என்று பையன் ஒரு நாள் கேட்டான். பின்லாந்தில் ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற இரட்டைப் பிள்ளைகளாக நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகளைப் பிடித்து, ஒருவர் கனமான வேலை, மற்றவர் லேசான வேலை என்று ஒப்பிட்டு 1995-ல் எழுதினார்கள். வேலையைவிடப் பிறவியும் வளர்ந்த வீடுமே டிஸ்க்கின் தேய்மானத்தை அதிகம் தீர்மானித்தன. எனவே, "கண்டபடி வண்டி ஓட்டி உடம்பைக் கெடுத்துக்கொண்டாயே" என்று மகனைத் திட்டுவதை அந்த அம்மாள் அன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

நடுவில் ஓர் உறவினர் பப்பாளிப் பழத்தோடு வந்து சேர்ந்தார். பப்பாளி டிஸ்க்கைக் கரைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். சிரிக்காதீர்கள், அதில் ஓர் எள்ளளவு சரித்திரம் இருக்கிறது. 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் தாமஸ், பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பெயின் என்ற நொதியை முயலுக்கு ஊசி போட்டார். நிமிர்ந்து நின்ற முயற்காதுகள் வாடிய வெற்றிலை மாதிரி தொங்கிவிட்டன. குருத்தெலும்பைக் கரைக்கும் இந்தக் குணத்தைப் பார்த்து, லைமன் ஸ்மித் என்ற டாக்டர் 1960-களில் அதே பப்பாளிப் பாலின் இன்னொரு நொதியான கைமோபப்பெயினை மனிதர்களின் டிஸ்க்குக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார். பலருக்குக் குணம் தெரிந்தது. 1982-ல் அமெரிக்க அரசாங்கமும் அனுமதித்தது. ஆனால் சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாயிற்று. சிலருக்கு நரம்பு பாதித்தது. 2003-ல் அந்த மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது. இப்போது ஜப்பானில், கிருமியிலிருந்து எடுத்த வேறொரு நொதியை 2018 முதல் அனுமதித்திருக்கிறார்கள். இவை எல்லாம் டிஸ்க்குக்குள் போடும் ஊசிகள். வாய் வழியே போகும் பப்பாளி வயிற்றுக்குத்தான் போகும். அந்தப் பழத்தை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம், தித்திப்பாக இருந்தது.

தேய்ந்த டிஸ்க்கைப் பழையபடி புதிதாக்கித் தரும் மருந்து இன்றைய தேதி வரையில் கடைக்கு வரவில்லை. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வளையல்கள் கைக்குத் திரும்பின. முதல் வாரம் பையன் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மூன்றாவது வாரம் என்னோடு நெடுஞ்சாலையின் பக்கச் சாலையில் காலை வேளையில் நடக்க ஆரம்பித்தான். ஒரு பக்கம் சாய்ந்து நடப்பான். பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். வலி ஒரே நேராகக் குறையவில்லை. இரண்டு நாள் நன்றாக இருக்கும்; மூன்றாம் நாள் முகம் சுண்டிப் போகும். அந்த மாதத் தவணையை மைத்துனன் கட்டினான். அடுத்த மாதம் லாரியை வேறு டிரைவர் ஓட்டினார். ஆறாவது வாரம் டாக்டரிடம் போனபோது கால் வலி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. மூன்றாவது மாதம் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தான், முதலில் துறைமுகம் வரையில் மட்டும்.

பிதுங்கிய துண்டு கரைந்ததா என்று மறுபடி படம் எடுத்துப் பார்க்க அவனுக்கு ஆசை. "கால் சொல்கிறதே, படம் எதற்கு?" என்று டாக்டர் சிரித்துவிட்டார். இன்றைக்கும் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் இடுப்பில் ஓர் இழுப்பு வருகிறதாம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஐந்து நிமிஷம் நடக்கிறான். இதற்கும் சயன்ஸ் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2017-ல், நெடுங்காலமாக ஓடிப் பழகியவர்களின் டிஸ்க்குகளைப் பார்த்தார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களின் டிஸ்க்கைவிட அவற்றில் நீர்ச்சத்து அதிகமாக இருந்தது. வேக நடைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் நடுவிலுள்ள வேகமே டிஸ்க்குக்கு மிகவும் பிடித்திருந்தது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் டிஸ்க் நன்றாக உப்பி விறைப்பாக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? எழுந்தவுடன் ஆழமாகக் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு இடுப்பு வலி நாட்கள் குறைந்தன என்று 1998-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று. நம் வீடுகளில் கண் விழித்ததும் முதல் வேலை குனிந்து வாசல் பெருக்கிக் கோலம் போடுவது. இடுப்பு வலி உள்ளவர்கள் எழுந்து கொஞ்சம் நடமாடி, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, அரைமணி ஒரு மணி கழித்துக் கோலம் போடட்டும். அதற்குள் மகாலக்ஷ்மி கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட மாட்டாள். கோலத்தை அன்று அந்த வீட்டு ஆண்பிள்ளை போட்டாலும் அவள் வராமல் இருக்கப் போவதில்லை.

காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. அவற்றை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும், தெரியாமல் போனாலும், மலம் கட்டுக்கு நிற்காவிட்டாலும், உட்காரும் இடம் மரத்துப் போனாலும், காலோ பாதமோ நாளுக்கு நாள் பலம் இழந்து தொங்கினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு ஜுரம் வந்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், பெரிதாக விழுந்து அடிபட்டு வலி வந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பக்கத்துப் போர்ஷன் டாக்டர் முதலில் காலைத் தூக்கிப் பார்த்ததும், சிறுநீரைப் பற்றிக் கேட்டதும் இதற்காகத்தான். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் மனிதனைப் பார்த்தார்.

உங்கள் வீட்டில் யாராவது இப்போது ஒரு ஸ்கான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் படம் எடுத்தது ஒரு நாள். உள்ளே வேலை நடப்பது தினமும். ஆறு மணி நேரம் ஊறி ஊறிச் சாப்பாடு போய்ச் சேரும் இடம் அது, அவசரப்படுத்தினால் நடக்காது. டாக்டர் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அந்தப் படத்தை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்துத் தெருக்கோடி வரையில் மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். நானும் எழுந்திருக்கிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதியது போதும் என்று என் தலையணை சொல்லிவிட்டது.